சுண்ணாம்பு அடித்த சுவர்

ஆறு வருடமாகிறது, எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அடங்கவும் வேண்டாம்.

என் பெயர் ஜீனத். திருவண்ணாமலையில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிப் பிழைப்பவள். ஊரார் பெயரையே எழுதிய எனக்கு, 1998 கார்த்திகையில்தான் என் பெயரைப் போட்டுக்கொள்ள ஒரு சுவர் கிடைத்தது. கோதண்டராமன் என்பவர் நடத்தும் லாட்ஜின் முன்கூடத்துச் சுவர். “உன் இஷ்டத்துக்கு வரைம்மா, ஃபாரின்காரங்க அசந்துடணும்” என்றார். அந்த வாயை நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

அங்கே தங்கிய அயர்லாந்துக்காரி ஒருத்தி எனக்கு ஒரு படம் கொடுத்திருந்தாள். அவர்கள் ஊர்ப் பழைய கல் சிலுவை. அதில் ஒரே கோடு மேலேறி, அடியில் நுழைந்து, சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். பார்த்ததும் சிரித்துவிட்டேன். எங்கள் பள்ளிவாசல் ஜன்னலில் எட்டுமுனை நட்சத்திரங்களைக் கோத்துப் போகும் கோடும் இதேதான். மாதா கோயில் மரக்கதவிலும் இதே பின்னல். மூன்றையும் ஒரே கோட்டில், எங்கும் அறுபடாமல், பத்து நாள் முதுகொடிய வரைந்தேன்.

தீபத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது கோதண்டராமன் வந்து நின்றார். யாரோ காதில் ஓதியிருக்கிறார்கள்.

“இன்னாம்மா இது? சிலுவைகூடப் போவட்டும். நடுவுல பள்ளிவாசல் டிசைனைக் கொண்டாந்து வெச்சிருக்கிற. தீபத்துக்கு வர்ற ஜனம் இன்னா நெனைக்கும்?”

“எது சார் பள்ளிவாசல் டிசைன்? தொட்டுக் காட்டுங்க.”

நடு முடிச்சின்மேல் விரலை வைத்தார். “இதான். பார்த்தாலே தெரியுதே.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மூன்றையும் இணைக்க ஒரு பின்னல் தேவைப்பட்டபோது நான் தொலைதூரம் போகவில்லை. லாட்ஜை ஒட்டி அவர் வீடு. அந்த முடிச்சு, அவர் மனைவி பாஞ்சாலை தினமும் புள்ளி வைத்து வாசலில் போடும் சிக்குக் கோலம். இருபது வருடமாக அதைத் தாண்டித்தான் மனுஷன் வெளியே வருகிறார். கண்ணைப் பிடரியிலா வைத்திருந்தார்?

சொன்னேன். “தமாஷ் பண்ணாதம்மா” என்று ஆளைக் கூப்பிட்டுச் சுண்ணாம்பு அடித்துவிட்டார். மூலையில் இருந்த என் பெயரும் போனது.

நேராகப் பாஞ்சாலையிடம் போய்க் கத்தினேன். “பள்ளிவாசல் டிசைன்னு சொல்லி உங்க கோலத்துமேலதாங்க்கா உங்க வீட்டுக்காரரு சுண்ணாம்பு அடிச்சிட்டாரு!” பாஞ்சாலை வந்து பார்த்தார். ஈரச் சுண்ணாம்புக்கடியில் இன்னும் தெரிந்த கோட்டை விரலால் ஒரு சுற்று தொடர்ந்தார். விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். எனக்கு அவர்மேலும் கோபம் வந்தது.

தீபத்தன்று காலை தெரு முழுக்கக் கோலம். கோதண்டராமன் வாசலில் மட்டும் தண்ணீர்கூடத் தெளிக்கவில்லை. சாவு விழுந்த வீடுதான் அப்படிக் கிடக்கும். கிரிவலம் போகிறவர்கள் தயங்கி நின்றார்கள். பால்காரர் இருசப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, “எப்ப ஆச்சுங்க? யாரு?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

கோதண்டராமன் முகம் வெளுத்து உள்ளே பார்த்துக் கத்தினார். “கோலத்தைப் போடுடி! நான் செத்துட்டேன்னு நெனைக்குது ஊரு!”

உள்ளேயிருந்து பாஞ்சாலையின் குரல் நிதானமாக வந்தது.

“எனக்குத் தெரிஞ்சது அந்த ஒரு கோலந்தாங்க. அது பள்ளிவாசலுதாமே?”