அழித்த புள்ளிகள்

அந்த மலைமுகட்டில் வேலை பார்ப்பவர்கள் சென்ட் போட்டுக்கொள்ளக் கூடாது. தலைக்கு ஸ்ப்ரே, கொசுவுக்கு ஸ்ப்ரே, செருப்புக்குப் பாலிஷ், எதுவும் ஆகாது. வண்டியைக் கீழ் வாசலிலேயே நிறுத்திவிட்டு மூச்சிரைக்க மேலே நடந்து வர வேண்டும். மேலே காற்றை ஆராயும் நிலையம், அதன் கூரையில் உயரமாக ஒரு கம்பம், கம்பத்தின் உச்சியில் காற்றை உறிஞ்சும் குழாய். குழாய் கீழிறங்கி அறைக்குள் இருக்கும் கருவிகளுக்குப் போகிறது. ஒரு கருவி ஓசோனை அளக்கும். இன்னொன்று, இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகம் வரும் அளவுக்குச் சொற்பமான வாயுக்களை அளக்கும். ஏரியில் ஒரு சொட்டு மையை விட்டுவிட்டுக் கண்டுபிடி என்றால் கண்டுபிடித்துவிடும். அதன் பக்கத்தில் நின்று ஒருவர் பவுடர் பூசினால் அது சும்மா இருக்குமா?

அந்தக் கருவியைப் பார்த்துக்கொள்பவளுக்கு வீட்டில் ‘மூக்கு மேடம்’ என்று பெயர். வைத்தது அவள் கணவனின் அக்கா, அவள் அண்ணி என்று கூப்பிடுபவர். வருகிற ஆளை முதலில் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாங்க என்று சொல்வாள் என்பது அண்ணியின் குற்றச்சாட்டு. கொஞ்சம் மிகைதான், ஆனால் முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது.

அண்ணிக்குக் கல்யாணம் காட்சி எதுவும் இல்லை. வயசு ஐம்பதைத் தாண்டிவிட்டது. தையல்தான் தொழில். பெரிய தம்பி வீட்டில் வெகுகாலம் இருந்தவர், போன வருஷம் ஒரு பெட்டியும் தையல் மிஷினுமாகச் சின்னத் தம்பியின் குவார்ட்டர்ஸுக்கு வந்து இறங்கினார். ஏன் என்று கேட்டதற்கு, அங்கே தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். நிலையத்தில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் சின்னத் தம்பி, அவள் கணவன், தயங்கித் தயங்கி ஒரு விஷயத்தைச் சொன்னான். ஆஸ்பத்திரி மலையடிவாரத்தில் இருக்கிறது, பாதையெல்லாம் வளைவு. அதனால் இதயக் கோளாறு, மூச்சுக் கோளாறு உள்ளவர்களைக் குவார்ட்டர்ஸில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதி. அண்ணி சிரித்தார். “எனக்கா? கல்லைத் தின்னாலும் செரிக்கும்டா.”

அவர் வருவதற்கு முன் அந்த வீட்டில் களைத்துப்போன இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போவார்கள். வந்த பிறகுதான் வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டது. நாத்தனார் என்றால் வயிற்றில் புளியைக் கரைக்கும் என்று கேள்விப்பட்டிருந்தவளுக்கு, இப்படியொரு நாத்தனார் வாய்த்ததில் உள்ளூரப் பெருமை. இங்கிருந்தும் கிளம்பும்படி ஆனால் அண்ணிக்குப் போக்கிடம் கிடையாது என்பதும் அவளுக்குத் தெரியும். தம்பிகளே இரண்டு பேர்தான்.

இப்போது கருவிக்கு வருவோம். ஓசோனைத் தின்ற பழைய வாயுக்களை ஒதுக்கியபோது அவற்றின் இடத்துக்கு வேறு வாயுக்கள் வந்தன. அவற்றில் ஒன்று ஃப்ரிட்ஜிலும் கார் ஏசியிலும் இருப்பது. ஓசோனைத் தொடாது, ஆனால் பூமியைச் சூடாக்கும், அதனால் அதையும் கண்காணிக்க வேண்டும். கம்ப்யூட்டரில் அதன் கோடு ஸ்கேல் வைத்துப் போட்டது போல ஓட வேண்டும். இங்கேயோ நடுநடுவே முள் முள்ளாகக் குத்திட்டு நின்றது.

முள் என்றால் பக்கத்தில் ஏதோ கசிகிறது என்று அர்த்தம். அது உலகத்தின் காற்று அல்ல, அக்கம்பக்கத்து அழுக்கு. அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அதற்கென்று ஒரு குறி உண்டு, குறியைப் போட்டால் புள்ளி மறைந்துவிடும். நிலையத்தில் அதைக் ‘களை எடுப்பது’ என்பார்கள். காலையில் டீயை வைத்துக்கொண்டு அவள் செய்யும் முதல் வேலை அதுதான். பல மாதமாக எடுத்தாள். முளைத்துக்கொண்டே இருந்தது.

கடைசியில் நிலையத் தலைவர் கூப்பிட்டனுப்பினார். கோபிக்கத் தெரியாத மனிதர், அதனாலேயே அவர் சொன்னால் உறைக்கும். “களை எடுத்து எடுத்து வயல்ல பயிரையே காணோம்மா. எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிங்க. இல்லேன்னா இந்த வாயுவுக்கு நம்ம கணக்கை எவனும் சேத்துக்க மாட்டான்.”

அவளும் கணவனும் தேட ஆரம்பித்தார்கள். அவன் நிலையத்து ஏசிகளின் குழாய்களில் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று குழந்தையைப் பார்ப்பது போல உட்கார்ந்து பார்த்தான். ஜீப்பின் ஏசியைக் கழற்றி மாட்டினான். குவார்ட்டர்ஸில் வீட்டுக்கு வீடு ஃப்ரிட்ஜை நகர்த்தி, பின்னால் கிடந்த தூசியையும் சேர்த்துப் பெருக்கிவிட்டு வந்தான். ஒன்றும் கிடைக்கவில்லை.

“எங்கேயோ கேஸ் வருது. எங்கேன்னுதான் தெரியல,” என்றாள் அவள், சாப்பிடும்போது.

“என்னைப் பாக்காத,” என்றார் அண்ணி. “நான் முட்டைக்கோஸ் தின்னு பத்து நாளாச்சு.”

தம்பிக்குப் புரையேறியது. அவன் தலையில் தட்டப்போன அண்ணிக்குச் சிரிப்பு இருமலாக மாறியது. எழுந்து தண்ணீர் குடிக்கப் போனவர் வெகுநேரம் கழித்துத்தான் திரும்பி வந்தார். சிரித்தால் இருமல் வருவது சகஜம்தானே என்று அவள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. முள் வந்த நேரங்களில் காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்று பார்த்தால் என்ன? அதற்கு முள் வேண்டும். முள்ளையெல்லாம் அவளே அழித்துவிட்டாளே. அழித்தது எங்கும் போய்விடாது, கம்ப்யூட்டரில் குறியோடு ஒளிந்திருக்கும். ஆனால் அதை யாரும் திரும்பப் பார்ப்பதில்லை. கூட்டி வெளியே கொட்டியதைக் கிளறுவது யார் வழக்கம்? அவள் முதல்முறையாகத் தலைகீழாகச் செய்தாள். நல்ல புள்ளிகளை மறைத்துவிட்டு, கெட்ட புள்ளிகளை மட்டும் வரிசையாகப் போட்டாள்.

போட்டுவிட்டு ஒவ்வொன்றாகத் தேதியைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

போன வருஷம் அண்ணி வந்து சேர்ந்த மாதத்தில் அங்கொன்றும் இங்கொன்றும். பனி தொடங்கியதும் கொஞ்சம் கூடியிருந்தது. அண்ணி நிலைய விடுதிக்கு மூட்டை மூட்டையாகத் திரைச்சீலை தைத்துக்கொடுத்த வாரங்களில் இன்னும் நெருக்கம். இப்போது தினமும், அதுவும் ஒரு தரம் இரண்டு தரம் அல்ல. கருவி விட்டு விட்டுத்தான் காற்றை இழுக்கும், ஆகவே அதற்குச் சிக்கியது இவ்வளவு, சிக்காமல் போனது எவ்வளவோ. எல்லாவற்றுக்கும் காற்று ஒரே பக்கம்: அவர்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம். ஃப்ரிட்ஜ் கசிந்தால் இரவும் பகலும் கசிந்துகொண்டே இருக்கும். இது ஒரு தரம் சீறிவிட்டு நிற்கிறது, பிறகு வேண்டும்போது மறுபடி சீறுகிறது. எந்த மிஷினுக்கும் அப்படி வேண்டும்போது என்று ஒன்று கிடையாது, மனுஷருக்குத்தான் உண்டு.

உண்மையைச் சொன்னால், அவள் மனதில் முதலில் வந்தது சந்தோஷம். கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம். அதற்காக அவள் பிற்பாடு எத்தனையோ முறை தன்னைத் திட்டிக்கொண்டாள். ஆனால் வந்தது வந்ததுதான்.

அவள் போய்ப் பார்த்தபோது, தொட்டிக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத மூலையில், ஒரு கல்லில் அண்ணி உட்கார்ந்திருந்தார். இரண்டு தோளும் காது வரைக்கும் ஏறியிருந்தன. உதட்டுக்கு நடுவே இன்ஹேலர். புஸ்ஸென்று ஒரு சத்தம். காலடிச் சத்தம் கேட்டதும் அதை முந்தானைக்குள் மறைத்தார். மூச்சை உள்ளே அடக்கிக்கொண்டிருந்ததால் உடனே வாயைத் திறக்க முடியவில்லை. வெறுமே பார்த்தார். அந்தப் பார்வையைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“மோப்பம் புடிச்சு வந்துட்டியா, மூக்கு மேடம்,” என்றார் ஒருவழியாக.

“எவ்வளவு நாளா அண்ணி?”

“அது ஆச்சு, ஏழெட்டு வருஷம். அங்க இருந்தப்ப ஒரு நாள் ரொம்ப முட்டுதுன்னு வாயைவிட்டுச் சொல்லிட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. குத்தம் சொல்லக் கூடாது, நல்லாத்தான் பாத்தாங்க. திரும்பி வந்தப்புறம் வீட்ல ஒரே குசுகுசுன்னு பேச்சு. ‘நீ சின்னவன் வீட்ல கொஞ்ச நாள் இரேன்’னாங்க. அவ்வளவுதான். இங்க வந்தா இவன் ரூலு சொல்றான். நான் என்ன பண்ண?”

அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கையிலிருந்த டப்பாவை வாங்கிப் பார்த்தாள். மருந்தை உந்தித் தள்ளுவதற்கு அதற்குள் அடைத்திருப்பது அதே வாயுதான் என்று விளக்கினாள். அண்ணி கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

“இந்தத் தம்மாத்துண்டா? இதுக்குத்தான் அந்தப் பையன் ஊர் ஃப்ரிட்ஜையெல்லாம் பேத்துட்டு அலைஞ்சானா? சரி விடு. இனிமே கீழ்வாசலுக்குப் போய் அடிச்சுக்கறேன். உன் கோடும் நேராயிடும், எனக்கும் வம்பில்ல. அவன்கிட்ட மட்டும் சொல்லிடாத.”

எவ்வளவு சுலபமான வழி. நாளைக்கே கோடு சரியாகிவிடும், தலைவர் பாராட்டுவார், அண்ணியும் வீட்டிலேயே இருப்பார். ஒரு கணம் அவள் தலையாட்டிக்கூட இருப்பாள். ஆனால் அவள் கண்ணுக்குள் அந்தப் புள்ளிகள் நின்றன. மாதத்துக்கு மாதம் நெருங்கி நெருங்கி வந்த புள்ளிகள். தினமும் டீ குடித்துக்கொண்டே அவள் அழித்தது ஒருத்தியின் திணறலை. கோட்டை நேராக்கிவிட்டு இன்னும் எவ்வளவு நாள் அண்ணியைக் கீழ்வாசலுக்கு நடக்கவிடுவது? ஒருநாள் பாதி வழியிலேயே உட்கார்ந்துவிட்டால்?

“மாட்டேன் அண்ணி,” என்றாள். “சொல்லத்தான் போறேன். அவர்கிட்டயும், தலைவர்கிட்டயும்.”

அண்ணி கையை நீட்டினார். டப்பாவை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போனார். அன்றைக்குத் தையல் மிஷின் ஓடவில்லை.

கணவன் கேட்டுவிட்டு, எலக்ட்ரீஷியன் பெட்டியை மூடுவதும் திறப்பதுமாக இருந்தான். பிறகு, “சிரிச்சா இருமுதுன்னு நெனச்சேன், நானும் ஒரு தம்பி,” என்றான். தலைவர் விதியை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார், அது அவருக்கே பிடிக்கவில்லை போலிருக்கிறது. “டாக்டர் பாக்கட்டும். அவர் இருக்கலாம்னு சொன்னா இருக்கட்டும். போகணும்னு சொன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா,” என்றார்.

மலையிறங்கும் வழி முழுக்க அண்ணி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். டாக்டர் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார், ஊதச் சொன்னார், எப்போதெல்லாம் முட்டுகிறது என்று கேட்டார். “எப்பவாச்சும்தான்,” என்றார் அண்ணி. அவள் கைப்பையிலிருந்து கிராஃபை எடுத்து மேஜையில் விரித்தாள். டாக்டர் அதையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நான் வெச்சிருக்கிற நோயாளிங்கள்ல யாருமே இவ்வளவு ஒழுங்கா கணக்கு வெச்சதில்ல,” என்றார். “ஏம்மா, முட்டும்போது அடிக்கிற மருந்தை மட்டும்தான் அடிச்சிட்டிருக்கீங்க. முட்டாம இருக்கறதுக்குத் தினம் எடுக்க வேண்டியது ஒண்ணு இருக்கே, அதை ஏன் யாரும் தரல?”

“ஒரு தடவ ஆஸ்பத்திரிக்குப் போனதோட சரி, அப்புறம் யார்கிட்டயும் போகலையே,” என்றார் அண்ணி. “கடையில டப்பாவைக் காட்டினா இதையே குடுப்பாங்க.”

டாக்டர் தினம் எடுப்பதையும் முட்டும்போது எடுப்பதையும் பவுடராக உறிஞ்சும் வகையில் எழுதினார். அதில் உந்தித் தள்ளும் வாயு கிடையாது, அவரவர் மூச்சுதான் மருந்தை இழுக்க வேண்டும். துணி வெட்டும்போது மூக்கை மூடிக்கொள்ளச் சொன்னார். கடைசியில் பேனாவைக் கீழே வைத்தார். “மேலேயே இருக்கலாம். உங்களுக்கு மலை ஒண்ணும் பண்ணல, மறைச்சீங்க பாருங்க, அதுதான் பண்ணுச்சு. கொஞ்சம் முட்டினாலும் உடனே வீட்ல சொல்லணும். சொல்வீங்கன்னு நம்பித்தான் இருக்கலாம்னு எழுதறேன்.”

அண்ணி தலையாட்டினார். இந்த மாதிரி தலையாட்டலை அவள் பார்த்திருக்கிறாள், அதை நம்ப முடியாது.

கோடு நேராகிவிட்டது. தலைவர் வந்து திரைக்கு முன்னால் நின்று, ஏதோ ஓவியம் பார்ப்பது போல ரசித்துவிட்டுப் போனார். அவளும் முதல் வாரம் ரசித்தாள். இரண்டாவது வாரம்தான் அவளுக்கு உறைத்தது. அண்ணி நன்றாக இருந்தாலும் கோடு இப்படித்தான் இருக்கும். மூச்சு முட்டித் தரையில் கிடந்தாலும் இப்படித்தான் இருக்கும். இத்தனை நாள் காட்டிக்கொடுத்த கருவி இனிமேல் ஒரு வார்த்தை சொல்லாது.

மத்தியானம் வேலையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். அண்ணி மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தார்.

“மூச்சு எப்படி இருக்கு அண்ணி?”

“எனக்கென்ன, ஜம்முனு இருக்கேன். ஏன், உன் மிஷின் சொல்லலையா?”

“அதுக்கு இனிமே தெரியாது. நீங்க சொன்னாத்தான் உண்டு.”

மிதித்துக்கொண்டிருந்த கால் நின்றது. அண்ணி மூக்குத் துணியை அவிழ்த்து மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

“நேத்து விடியக்காலையில ஒரு தடவ முட்டுச்சு,” என்றார். “எழுப்பலாமான்னு உங்க ரூம் கதவு வரைக்கும் வந்தேன். நல்லாத் தூங்கறீங்களேன்னு திரும்பிட்டேன்.”

“எழுப்புங்க.”

“எழுப்பினா?”

“எழுந்திரிப்போம். வேற என்ன பண்ணுவோம்?”

அண்ணி மூக்குத் துணியை மறுபடி கட்டிக்கொண்டார். ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு மறுபடி மிதிக்க ஆரம்பித்தார். அவளும் நிலையத்துக்குத் திரும்பிப் போனாள். போகும் வழியெல்லாம் இன்னும் இரண்டு வார்த்தை நல்லதாகச் சொல்லியிருக்கலாமே என்று இருந்தது.

சில நாள் கழித்து, விடிவதற்குக் கொஞ்சம் முன்னால், அவர்கள் அறைக் கதவை யாரோ தட்டினார்கள். கேட்டும் கேட்காமலும் இருக்கட்டும் என்பது போல மெதுவாக ஒரு தட்டல், பிறகு கொஞ்சம் பலமாக இன்னொன்று. அவளுக்கு நெஞ்சு பதைத்தது. அந்தப் பதைப்புக்குள்ளேயே, வெளியே சொல்ல வெட்கமாக இருந்தாலும், ஒரு சந்தோஷமும் இருந்தது. கணவன் விளக்கைத் தேடுவதற்குள் அவள் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.