படாத அடி

லெஷெக் சாகமாட்டான் என்பது அந்த வயலில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

ஜூலை வந்தால் போதும், இடிந்த கோட்டைக்குக் கீழே இருக்கும் அந்த வெளியில் அறுநூறு வருஷத்துக்கு முந்தைய சண்டையை மறுபடி போட்டுப் பார்க்கக் கூட்டம் கூடிவிடும். வருஷம் முழுக்க ஆபீஸிலும் பட்டறையிலும் முதுகு ஒடிய வேலை பார்க்கிறவர்கள், லூப்ளின் நகரத்திலிருந்தும் இன்னும் எங்கெங்கிருந்தோ எல்லாம் காரில் இரும்பை ஏற்றிக்கொண்டு வந்து, இரண்டு கட்சியாகப் பிரிந்து மோதுவார்கள். வாள்கள் மழுங்கியவை. நடுவர் என்று யாரும் கிடையாது. அடி பட்டதா இல்லையா என்பதை வாங்கினவனே சொல்ல வேண்டும். பட்டதென்றால் தானாக விழுந்து, கொம்பு ஊதும் வரை பிணமாகக் கிடக்க வேண்டும். அதில் பொய் சொல்கிறவனோடு அந்தக் கூட்டத்தில் யாரும் ஒரு கோப்பை பீர்கூடக் குடிக்கமாட்டார்கள்.

லெஷெக்கோடு குடித்தார்கள் என்றால், அது அவன் மனைவி யாகோதாவின் முகத்துக்காக. தோளில் விழுகிற அடி சமையல் கூடாரம் வரை கேட்கும். அவனோ இரும்புத் தலைக்கவசத்துக்குள்ளிருந்து "படல! படல!" என்று கத்திக்கொண்டே அடுத்த ஆளைத் தேடிப் போவான். ஊரில் அவன் லிப்ட் மெக்கானிக், சாது, பக்கத்து வீட்டு நாய்க்குக்கூட வழிவிட்டு நடக்கிறவன். இரும்பை மாட்டினால் மட்டும் வேறு ஆளாகிவிடுவான். 'படல லெஷெக்' என்றுதான் எல்லாரும் அவனைக் கூப்பிட்டார்கள். யாகோதாவுக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் உடம்பு கூசும்.

போன குளிர்காலத்தில் விழாத் தலைவர் ஸெனோன் முடிவாகவே சொல்லிவிட்டார். ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார், வார்த்தையை விட்டால் திரும்ப வாங்காத மனுஷன். இந்த வருஷமும் லெஷெக் விழவில்லையென்றால் அவன் ஒருவன் மட்டுமல்ல, அவன் சேர்ந்த அணியின் கொடியே வெளியே. அந்தக் கொடி யாகோதா தன் கையால் தைத்தது. அதன் கீழே நிற்கிற அத்தனை பேருக்கும் இரண்டு நாள் முழுக்கச் சமைத்துப் போடுகிறவளும் அவள்தான்.

அதனால் அன்று காலை அவனுக்குக் கவசம் மாட்டும்போது அவள் கை இழுத்த இழுப்பில் கோபமும் இருந்தது.

"ஏய், மூச்சு முட்டுது. கொஞ்சம் தளர்த்து."

"தொப்பையைக் குறை, தானா தளரும்." மார்புத் தகட்டின் வாரை இன்னும் ஒரு துளை உள்ளே இழுத்தாள். "இன்னிக்கு முதல் அடியிலயே விழற. ஸெனோன் கண்ணுக்கு முன்னாடி விழற."

"பட்டா விழறேன்."

"பட்டாலும் விழணும், படலைன்னாலும் விழணும்."

"படாத அடிக்கு எப்படிடி விழறது?"

"பட்டதுன்னு நெனச்சுக்கிட்டுச் செத்துத் தொலைடா! ஒரு தடவை ஒழுங்கா செத்துக் காட்டினா நீ என்ன குறைஞ்சா போயிடுவே? உன்னால நான் யார் முகத்திலயும் முழிக்க முடியல."

வழக்கமாக எகிறுவான். அன்று அடுத்த வாருக்குத் தோளைக் காட்டினான். வெயில் அதற்குள் சுள்ளென்று ஏறியிருந்தது. பஞ்சுவைத்துத் தைத்த தடிச் சட்டை, அதன்மேல் இரும்பு. தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"வேணாம். இதைக் குடிச்சா நடுவில ஒண்ணுக்கு வரும். அப்புறம் இவ்வளத்தையும் யாரு கழட்டறது?"

அங்கே எல்லா ஆண்களும் சொல்கிற பேச்சுதான் அது. அவளும் வற்புறுத்தவில்லை.

"சரிடி," என்றான் கடைசியில், தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. "உனக்காகச் சாகிறேன், போ."

மதியம் சண்டை தொடங்கியது. கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே ஜனம் நெருக்கியடித்து நின்றது. குழந்தைகள் கையில் மரவாள், பெரியவர்கள் கையில் சுட்ட தொத்திறைச்சி. கிராமத்துத் தீயணைப்பு வண்டி ஒரு பெரிய மரத்தடி நிழலில் சும்மா நின்றது. ஸெனோன் மேடையில் ஒரு கையில் ஒலிவாங்கியும் மறு கையில் கொம்புமாக நின்றார். யாகோதா சமையல் அகப்பையைக்கூடக் கீழே வைக்காமல் கயிற்றோரம் ஓடிவந்திருந்தாள்.

லெஷெக்குக்கு எதிரே வந்தவன் போக்தான். லூப்ளினில் பல் டாக்டர். இங்கே எதிரிக் கட்சி, கறுப்புச் சிலுவை போட்ட வெள்ளை அங்கி. இருவரும் பழைய நண்பர்கள். லெஷெக்கை அடித்து அடித்து அலுத்துப்போனவர்களில் அவன்தான் முதல் ஆள். அவன் வாளை ஓங்கியதை யாகோதா பார்த்தாள். அடுத்த கணம் இடையில் யாரோ வந்து மறைத்துவிட்டார்கள். மறைத்தவன் விலகியபோது லெஷெக் ஒரு முழங்காலில் இருந்தான். பிறகு மெதுவாகப் பக்கவாட்டில் சாய்ந்து, புல்லில் முகம் குப்புறக் கிடந்தான்.

போக்தான் ஒரு கணம் திகைத்து நின்றுவிட்டு, இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினான்.

"பெருமக்களே!" ஸெனோனின் குரல் ஒலிபெருக்கியில் உடைந்தது. "நடந்துருச்சு! படல லெஷெக் செத்துட்டாரு!"

வயலே அதிர்ந்தது. எதிரிக் கட்சி மட்டுமல்ல, சொந்தக் கட்சியும் கேடயத்தைத் தட்டிக் கொண்டாடியது. எல்லாரையும்விடப் பலமாகக் கை தட்டியவள் யாகோதா. அகப்பை கையிலிருந்ததால் தொடையில் தட்டினாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கொடி பிழைத்தது. அவள் மானம் பிழைத்தது.

"பாத்துக்குங்கப்பா, பிணம்னா இப்படிக் கிடக்கணும்!" ஸெனோன் விடவில்லை. "ஒரு விரல் அசையுதா பாருங்க. அங்க ஒரு பிணம் மூக்கு சொறியுது, கிழக்கால ஒரு பிணம் போன் பாக்குது. அவர்கிட்ட கத்துக்குங்க!"

சண்டை இன்னும் கொஞ்ச நேரம் நீடித்தது. ஒவ்வொருவராக விழுந்தார்கள். யாகோதா பக்கத்தில் நின்ற பெண்ணிடம், "காலையில நான் குடுத்த டோஸ் அப்படி," என்று பெருமையடித்துக்கொண்டாள்.

விமானங்கள் அப்போதுதான் வந்தன.

சத்தம் முதலில் வரவில்லை. கோட்டைச் சுவருக்குப் பின்னாலிருந்து இரண்டு கறுப்பு நிழல்கள் வயலைக் குறுக்கே கிழித்துக்கொண்டு ஓடின. அதற்குப் பிறகு வந்த சத்தம் காதில் விழுந்ததாகவே இல்லை, நெஞ்சில் விழுந்தது. போர் விமானங்கள். மரத்தின் உச்சியைத் தொட்டுவிடும் உயரம். வேலியோரம் கட்டியிருந்த குதிரைகள் பின்னங்காலில் எழுந்தன. ஒரு கூடாரம் அப்படியே சரிந்தது. நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் உண்மையான சண்டை நடந்துகொண்டிருக்கிற காலம். இந்தப் பக்கத்து வீடுகளில் எல்லாம் தப்பி ஓடுவதற்கென்று ஒரு பை கட்டித் தயாராக இருந்தது. "ஆரம்பிச்சிருச்சு! மாதாவே, ஆரம்பிச்சிருச்சு!" என்று ஒரு தாய் குழந்தையை இழுத்துக்கொண்டு மேஜைக்கு அடியில் பாய்ந்தாள். யாகோதா தன்னையறியாமல் குனிந்து அகப்பையால் தலையை மறைத்துக்கொண்டாள்.

"நம்மளுதுதான்! நம்ம விமானந்தான்! யாரும் ஓடாதீங்க!" ஸெனோன் கத்தினார்.

யாகோதா நிமிர்ந்தாள். வயலைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. உயிரோடு இருந்தவர்கள் ஓங்கிய வாளோடு சிலையாக நின்றார்கள். செத்தவர்கள் எல்லாரும் எழுந்து உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பிணங்களும் முகமூடியைத் தூக்கிவிட்டு, வாயைப் பிளந்துகொண்டு வானத்தைப் பார்த்தன. பயம் தெளிந்த கூட்டம் கொல்லென்று சிரித்தது.

ஒரே ஒரு பிணம் மட்டும் எழுந்திருக்கவில்லை.

பிடிவாதக்காரன், என்றுதான் முதலில் நினைத்தாள். சாகமாட்டேன் என்று இத்தனை வருஷம் பிடித்த அடத்தை இப்போது சாவதில் பிடிக்கிறான். அப்படி நினைத்துக்கொண்டே இருந்தவளுக்கு, சிரிப்பு வாயிலேயே நின்றுபோனது. லெஷெக் விமானப் பைத்தியம். நடுச்சோற்றில் சத்தம் கேட்டாலும் எச்சில் கையோடு பால்கனிக்கு ஓடுகிறவன். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே எந்த விமானம் என்று சொல்கிறவன். அந்த லெஷெக்கின் தலைக்கு மேலே இரண்டு போர் விமானம் இவ்வளவு தாழப் போயிருக்கிறது. அவன் தலையைத் தூக்கவில்லை.

அகப்பை கீழே விழுந்தது. யாகோதா கயிற்றுக்கு அடியில் புகுந்து ஓடினாள்.

"யாகோதா! கொம்பு இன்னும் ஊதலம்மா! வெளிய போ!" என்றது ஒலிபெருக்கி.

பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பிணங்களைத் தாண்டி ஓடினாள். கூட்டம் கை தட்டியது. வீரனின் மனைவி ஒப்பாரி வைக்க வருகிறாள் என்று நினைத்துவிட்டது. யாரோ சீட்டி அடித்தார்கள்.

"லெஷெக்! போதும்டா, எந்திரி. கொம்பு ஊதியாச்சு," என்று பொய் சொன்னாள். தோளைப் பிடித்துப் புரட்டினாள். இரும்பு கையைச் சுட்டது. முகமூடியைத் தூக்கினாள். முகம் செக்கச்செவேலென்று இருந்தது. ஒரு சொட்டு வியர்வை இல்லை. கண் பாதி திறந்திருந்தது, உள்ளே வெள்ளை மட்டும் தெரிந்தது. மூச்சு இருந்தது, மேலோட்டமாக, நாய் இரைப்பதுபோல.

போக்தான் சிரித்துக்கொண்டே வந்தான். "அழகா செத்தான் இல்ல?"

"எங்க அடிச்ச? தலையிலயா? கழுத்துலயா? சொல்லு, எங்க அடிச்ச?"

போக்தான் லெஷெக்கின் முகத்தைப் பார்த்தான். அவன் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

"நான்... நான் தொடவே இல்ல, யாகோதா."

"என்னது?"

"வாளை ஓங்கினேன். இறக்கறதுக்குள்ள அவனா விழுந்துட்டான்."

"அப்புறம் ஏன்டா பாவி கையைத் தூக்கின?"

"எத்தனை வருஷமா அடிக்கிறேன், ஒரு தடவைகூட அவன் எனக்கு விழுந்ததில்ல." போக்தானின் வாய் கோணியது. "இந்த வருஷம் எனக்காக விட்டுக் குடுக்கிறான்னு நெனச்சேன். சரி, எனக்குன்னு ஒரு தடவை இருந்துட்டுப் போகட்டும்னு..."

படலைன்னாலும் விழு என்று சொன்னவள் யாகோதா. வாரை ஒரு துளை கூடுதலாக இழுத்துக் கட்டியவள் அவள். அவன் வெயிலில் வெந்துகொண்டிருந்தபோது ஊரோடு சேர்ந்து கை தட்டியவளும் அவள்தான். போக்தானை எந்த வாயால் திட்டுவது?

"காப்பாத்துங்க! சாகிறாரு! யாராவது வாங்களேன்!" என்று அலறினாள். கூட்டம் இன்னும் பலமாகக் கை தட்டியது. அவள் கத்திய ஒவ்வொரு வார்த்தையும் வருஷா வருஷம் அந்த வயலில் யாராவது கத்துகிற வசனம்தான். பக்கத்தில் கிடந்த பிணங்கள்கூட, நல்லாத்தான் பண்றா என்று தலையாட்டின. அறுநூறு வருஷத்துக்கு முன்னால் இல்லாத ஒரு வார்த்தை வேண்டியிருந்தது அவளுக்கு.

"ஆம்புலன்ஸ்!" என்று கத்தினாள். "ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க! போன் போடுங்க!"

கைதட்டல் அறுந்தது.

போன் பார்த்துக்கொண்டிருந்த பிணம்தான் முதலில் எழுந்து எண்ணை அழுத்தியது. போக்தான் மண்டியிட்டு இடுப்புக் கத்தியால் வார்களை அறுத்தான். அவள் பஞ்சுச் சட்டையைக் கிழித்தாள். தீயணைப்புக்காரர்கள் குழாயை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். தண்ணீர் வருவதற்குள் கையில் கிடைத்ததையெல்லாம் ஜனம் கொண்டுவந்து ஊற்றியது. பீர், பழச்சாறு, ஊறுகாய்ப் பீப்பாயிலிருந்த உப்புத் தண்ணீர். செத்தவனும் கொன்றவனுமாக எல்லாரும் சுற்றி நின்று கேடயங்களைத் தலைக்கு மேல் பிடித்து அவனுக்கு நிழல் செய்தார்கள். குழாய்த் தண்ணீர் அவன் நெஞ்சில் அடித்தது.

"லெஷெக், டேய், லெஷெக்," என்று கன்னத்தில் தட்டிக்கொண்டே இருந்தாள்.

அந்த நேரம் விமானங்கள் திரும்பி வந்தன. அதே தாழ்வில், அதே இரைச்சலோடு. வயலில் ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் கீழே, அந்த ஒரு முகத்தின் மேல் இருந்தது.

அவன் உதடு அசைந்தது. யாகோதா காதை அவன் வாயருகே வைத்தாள். இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. கடைசியாக அவன் சொல்வது இதுதான் என்றால், அதுவும் எனக்குக் கேட்காமல் போகிறதே என்று இன்னும் குனிந்து காதை அழுத்தினாள். சத்தம் காட்டுக்கு மேலே போய்த் தேய்ந்தது.

"என்னடா? என்ன சொல்ற?"

"படல," என்றான் லெஷெக். கண் இன்னும் சரியாகத் திறக்கவில்லை. "போக்தான்... புளுகறான். படல."

போக்தான் அழுகையில் மூக்கை உறிஞ்சினான். "ஆமாண்டா. படல. சத்தியமா படல."

ஆம்புலன்ஸ் புல்லில் குலுங்கிக்கொண்டு வந்து நின்றது. இறங்கிய டாக்டர் இளம்பெண். வாளும் கேடயமுமாக நின்ற கும்பலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, லெஷெக்கின் நாடியைப் பிடித்தாள். "பேசறாரா? நல்லது. பிழைச்சுக்குவார். எங்க அடி பட்டுச்சு?"

யாகோதா அறுந்து கிடந்த வாரைப் பார்த்தாள்.

மேடையிலிருந்து மூச்சிரைக்க இறங்கி வந்திருந்த ஸெனோன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். ஊதாத கொம்பு இன்னும் அவர் கையில் இருந்தது. இறகு வைத்த தொப்பியைக் கழற்றினார்.

"படலம்மா," என்றார். "அவருக்கு அடி படவே இல்ல."

அப்போதுதான் யாகோதாவுக்கு அழுகை வந்தது.