வெயிலில் உருகாத மருந்து

"பொய் சொல்லாத வள்ளிக்கண்ணு! நீ மருந்த வைக்கவே இல்ல" என்று நான் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பாலக்கரைப் பெண்கள் மருத்துவமனையில் கம்பவுண்டர் செல்லக்கிளி என்றால் டாக்டரே கொஞ்சம் யோசித்துத்தான் பேசுவார்.

வள்ளிக்கண்ணு மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையில் நெல் அவிக்கிறவள். பெண்ணுறுப்பில் பூஞ்சை தொற்றி ஐந்து மாதமாக அரிப்பு, எரிச்சல், வெள்ளைப்படுதல். ஊதா மருந்தை, உடம்புச் சூட்டில் உருகும் கொக்கோ வெண்ணெயில் கலந்து, சுண்டுவிரல் நுனி அளவுக்கு அச்சில் வார்த்து, ராத்திரி உள்ளே வைத்துக்கொள்ளச் சொல்லி மூன்று முறை கொடுத்துவிட்டேன். துளியும் குணமில்லை.

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். காகிதமும் சேலையும் ஒரே ஊதா எண்ணெய்.

"தண்ணிப் பானையடியில வச்சா மாமியா பாத்துரும்க்கா. முடிஞ்சுக்கிட்டு அடுப்புக்கிட்ட நிக்கிறேன், ஒழுகிப்போயிடுது. புருசன அண்ட விடமாட்டேங்கிற, வைகாசியில அப்பன் வீட்டுக்கே போயிருன்னு மாமியா இப்பவே சொல்லுது. நான் என்னக்கா செய்வேன்?"

'குளிர்ந்த இடத்தில் வைக்கவும்' என்று சீட்டில் எழுதிக் கொடுத்தவள் நான்தான். சித்திரை வெயிலில், நெல் அவிக்கும் ஆலையில், எது குளிர்ந்த இடம்? அவளைத் திட்டியதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அது 1957, நோன்பு மாதம். அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பரக்கத் அலி அண்ணனின் மனைவி, நோன்பு திறக்கச் செய்த கடற்பாசி இனிப்பில் எனக்கும் ஒரு தட்டு அனுப்பியிருந்தார். ரோஸ் நிறத்தில், சதுரம் சதுரமாக. வேலை முடித்து வந்து பார்த்தால், அனல் பறக்கும் என் சமையலறையில் ஒரு மணி நேரம் இருந்த பிறகும் அதன் மூலைகூட மழுங்கவில்லை. வாயில் போட்டதை விழுங்காமலே எழுந்து பக்கத்து வீட்டுக்கு ஓடினேன்.

"அண்ணி, இத எதுல செய்றீங்க?"

"கடல்ல வெளையிற பாசிதாம்மா. காய்ச்சி ஊத்துனா தானா ஒறைஞ்சிரும். ஏன், நல்லால்லையா?"

"நல்லால்லையாவா! அந்தப் பாசிய அப்படியே குடுங்க!"

மறுநாள் டாக்டர் ரெங்கநாயகி ஸ்ரீரங்கத்திலிருந்து வந்து இறங்குவதற்குள் மருந்து அறை முழுக்க ஊதா. சர்க்கரை போடவில்லை, பூஞ்சைக்கு அது விருந்து. முதல் வார்ப்பு கல்லாக உறைந்தது. இரண்டாவது கையில் எடுத்ததும் உடைந்தது. மூன்றாவது, நுங்கு மாதிரி மெத்தென்று நின்றது.

"நிக்கறது சரி, உருகாம மருந்த வெளில விடுமோ?" என்றார் டாக்டர்.

அதற்கும் பதில் வைத்திருந்தேன். உடம்புச் சூட்டு வெந்நீரில் நனைத்த வெள்ளைத் துணியில் ஒன்றைச் சுருட்டிவைத்தேன். இருவரும் குனிந்து பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் ஊதா மெல்லக் கசிந்து பரவியது. டாக்டர் என் தோளைப் பிடித்துக் குலுக்கிவிட்டார்.

"புஸ்தகத்துல இதுக்கு ஜெலட்டின்னு போட்டிருக்கான், எலும்புலேந்து எடுக்கறது. எங்க தெருவுல எந்த மாமி அதத் தொடுவா? இது பாசி! இத்தன நாளா பக்கத்தாத்துலயே இருந்திருக்கேடி, செல்லக்கிளி!"

காலையில் இழுத்து எடுத்துவிட ஒவ்வொன்றிலும் ஒரு நூல் கோத்து, ஏழு வில்லைகளை எண்ணெய்த்தாளில் கட்டி வள்ளிக்கண்ணுவிடம் கொடுத்தேன். அதற்கப்புறம் பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடினேன்.

ஒன்பதாம் நாள் வந்தது அவள் இல்லை. அவளுடைய மாமியார் வீராயி. எண்ணெய்த்தாள் பொட்டலத்தை மேசைமேல் பிரித்தார். உள்ளே ஒரு வில்லை, முழுசாக இருந்தது.

"இது உங்க மருந்தா?"

உருகாத மருந்து செய்தேனே தவிர, உருகாதது அகப்பட்டுக்கொள்ளும் என்று யோசிக்கவில்லையே! சேலையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

"ஆமா, எங்க மருந்துதான். அந்தப் பொண்ணு மேல கைய வச்சீங்களா?"

"நான் எதுக்கு வைக்கிறேன்? தொவைக்க எடுத்தப்ப முடிச்சுல இருந்துச்சு. கேட்டேன், அழுதுக்கிட்டே சொன்னா. ஆறு வச்சதுலயே சுத்தமா நல்லாயிருச்சாம். நேத்து எம் மவன்கூட சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்தா. அப்பன் வீட்டுப் பேச்ச நான் இனி எடுக்க மாட்டேன்."

எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. வீராயி போகவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார். குரல் பாதியாகிவிட்டது.

"எனக்குப் பதினோரு வருசமா இருக்கு, தாயி. எனக்கும் ஏழு குடுங்க. மருமவகிட்ட மட்டும் சொல்லிராதீங்க."