தொட வேண்டாத மூட்டைகள்

குன்னூர் கணினி மாலை வகுப்பில் அன்று தேர்வு. முக்கால் மணி நேரம், ஒரே கணக்கு. எழுதிய நிரலைப் பார்த்துக் கணினி 'சரி' என்று காட்டினால் அடுத்த பாடத்துக்குப் போகலாம். இல்லாவிட்டால் அதே பாடத்தை இன்னும் மூன்று மாதம் படிக்க வேண்டும். இந்துமதி ஏற்கெனவே ஒருமுறை அப்படிப் படித்தவள்.

2, 3, 6, 4, 1, 5 என்று எண்கள் கலைந்து நிற்கின்றன. ஓர் எண்ணை உருவி வேறு இடத்தில் செருகலாம். ஏறுவரிசையாக்கக் குறைந்தது எத்தனை எண்களை நகர்த்த வேண்டும்? எந்த வரிசையைக் கொடுத்தாலும் நிரல் விடை சொல்ல வேண்டும்.

இந்துமதி நோட்டில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டாள். தன் இடத்தில் நிற்பது 4 மட்டும்தான். மற்ற ஐந்தும் இடம் மாறியவை. ஆகவே ஐந்து. இடம் மாறியவற்றை எண்ணும்படி நிரல் எழுதினாள். கணினி 'தவறு' என்றது.

பக்கத்து நாற்காலி லெஸ்லி எப்போதோ முடித்துவிட்டுக் காலாட்டிக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க இந்து, கட்டத்துக்கு மார்க் இல்லீங்க."

"உங்க வாய்க்கும் இல்லீங்க."

பகலில் அவளுக்குத் தேயிலை ஃபேக்டரி கிடங்கில் வேலை. ஏலத்துக்குப் போகும் மூட்டைகளை எண் வரிசையில் நிறுத்த வேண்டும். போன வாரம் வரிசை கலைந்துபோனது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒன்றிலிருந்து அடுக்கச் சொன்னாள். லோடுமேன் பொன்ராஜ் இடுப்பில் கைவைத்து முறைத்தார்.

"தூக்கறது நீங்களா நானா அம்மிணி? தொட வேண்டாத மூட்டைக்கு மொதல்ல சாக்பீஸ்ல கோடு போடுங்க. மிச்சத்தை மட்டும் தூக்கறேன்."

சரியான சோம்பேறி என்று அன்று மனதுக்குள் திட்டியிருந்தாள்.

இப்போது பென்சில் பாதியில் நின்றது. எதை நகர்த்துவது என்றல்லவா இவ்வளவு நேரம் தேடினாள்? எதைத் தொடாமல் விடலாம்? ஏற்கெனவே சின்னதிலிருந்து பெரியதாக நிற்பவற்றை.

2, 3, 6 என்று கோடு போட்டாள். மூன்றுதான் தேறியது. 6-ஐ விட்டுவிட்டால் 2, 3, 4, 5. நான்கு! 6-ஐக் கடைசிக்கும் 1-ஐ முன்னுக்கும் அனுப்பினால் வேலை முடிந்தது. விடை இரண்டு. ஒவ்வோர் எண்ணிலும் வந்து முடியும் மிக நீண்ட ஏறுவரிசையைக் கண்டுபிடித்து, அவற்றில் பெரியதன் நீளத்தை மொத்த எண்ணிக்கையிலிருந்து கழித்தால் போதும்.

தட்டினாள். 'சரி.'

நேரம் இன்னும் நான்கு நிமிடம் இருந்தது. நிரலின் நடுவில் நாலு வரி அசிங்கமாகத் தெரிந்தது. அழித்துவிட்டு ஒழுங்காக எழுதினால் என்ன? விரல் அழிக்கும் பொத்தான்வரை போய்விட்டது. பொன்ராஜ் எங்கிருந்தோ முறைத்தார்.

கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்துகொண்டாள். ஆசிரியை மெட்டில்டா திரையைப் பார்த்து மதிப்பெண் போட்டுவிட்டுக் குனிந்தார்.

"ஏம்மா, குளிருதா?"

"இல்லீங்க மேடம். தொடாம இருக்கேன்."