வாசலில் வைத்த பாலே ஷூ

ராதாவுக்கு வீட்டுக்குள் செருப்பு ஆகாது. பஹ்ரைனில் ஈசா டவுன் ஃபிளாட்டின் வாசலில், திறந்த வராந்தாவில், அவள் வைத்திருக்கும் ஷூ ராக்கைத் தாண்டி எந்தக் காலணியும் உள்ளே வந்ததில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் அல் கோபாரில் வேலை பார்த்துவிட்டு வாரக் கடைசியில் பாலம் கடந்து வரும் கணவர் அனந்தகிருஷ்ணன்கூட ஷூவைக் கழற்றிய பிறகுதான் மனைவி முகத்தை நிமிர்ந்து பார்ப்பார்.

அதனால் வியாழக்கிழமை சாயங்காலம் மகள் மஹதியின் புது பாலே ஷூ சோபாவில் கிடந்ததைப் பார்த்ததும், ராதாவின் கை தானாகவே அதை எடுத்துப்போய் ராக்கில் வைத்துவிட்டது. கை தானாகச் செய்ததா, மனசு சொல்லிச் செய்ததா என்று மறுநாளெல்லாம் அவளுக்கு நிலைகொள்ளவில்லை.

மனசில் புகைச்சல் இருந்தது உண்மை. சென்னையில் சின்ன வயசு முழுக்கப் பரதநாட்டியம் ஆடியவள் ராதா. அந்தச் சலங்கை இன்றைக்கும் பூஜை அலமாரியில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் இருக்கிறது. மஹதியும் அதைக் கட்டி ஆடினவள்தான், லுத்மிலாவைப் பார்க்கும்வரை.

லுத்மிலா ரஷ்யாவிலிருந்து வந்து மனாமாவில் ஒரு ஜிம்முக்கு மேல்மாடியில் பாலே சொல்லித்தருகிறவள். அழைத்துப்போக வரும் தாய்மார்களைச் சும்மா விடமாட்டாள். பாலே எங்கள் ஊரில் பிறந்ததில்லை, பிரெஞ்சுக்காரர்களும் இத்தாலிக்காரர்களும் வந்து ஜார் மன்னரின் அரண்மனைக்குக் கற்றுக்கொடுத்தது என்பாள். அதை நாங்கள் எங்களுடையதாக்கி, நூறு வருடத்துக்கு முன்னால் பாரிஸுக்கே திருப்பிக் கொண்டுபோய் அவர்களை வாய் பிளக்க வைத்தோம் என்பாள். புரட்சி வந்ததும் ஆட்டக்காரர்கள் ஊர் ஊராகச் சிதறி, லண்டனிலும் ஷாங்காயிலும் பள்ளி திறந்தார்களாம். இப்போது பஹ்ரைன் வரை வந்துவிட்டது என்று தன்னையே காட்டிச் சிரிப்பாள்.

ராதாவுக்கும் ஒரு கதை தெரியும். பின்னாளில் பரதநாட்டியத்தைப் பெரிய மேடைக்குக் கொண்டுவந்த ருக்மிணி தேவியிடம், உன் நாட்டு ஆட்டத்தைத் தேடிப் போ என்று சொன்னதே அன்னா பாவ்லோவா என்ற ரஷ்யப் பாலேக்காரிதான். அவள் நம்மை நம் பக்கம் திருப்பிவிட்டாள், என் வயிற்றில் பிறந்தது மட்டும் அந்தப் பக்கம் ஓடுகிறது என்று ராதா கணவரிடம் பொருமுவாள். அவர் மொபைலைப் பார்த்தபடியே தலையாட்டுவார்.

வெள்ளிக்கிழமை காலையில் தேர்வு. ரஷ்யாவில் ஒரு பாலே பள்ளிக்கு, முழுச் செலவையும் ஏற்று ஒரே ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ள அங்கிருந்து ஒரு அம்மாள் வந்திருந்தார். பதினாறு வயசு மஹதி மாதக்கணக்காகத் தூக்கத்தில்கூடக் கால்விரலை நீட்டிக்கொண்டிருந்தது இதற்காகத்தான். பழைய ஷூ போன வாரமே உயிரை விட்டிருந்தது. மாஸ்கோவிலிருந்து வரவழைத்த புதியதை வளைத்து, தட்டி, ரிப்பன் தைத்துத் தன் காலுக்குப் பழக்கி வைத்திருந்தாள்.

உடம்பு முழுக்க விரல் நுனியில் நிற்கும்போது தாங்குவது அந்த ஷூவின் மூக்கு. அது துணியும் காகிதமும் பசையும் அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்தது. ஈரம் பட்டால் தீர்ந்தது. செப்டம்பர் மாதத்து வளைகுடாவில் இரவெல்லாம் கார் கண்ணாடியே சொட்டும். இது எதுவும் ராதாவுக்குத் தெரியாது.

காலையில் ஷூவைத் தேடி எடுத்த மஹதி மூக்கைக் கட்டைவிரலால் அழுத்தினாள். நமுத்த அப்பளம் மாதிரி உள்ளே போனது. அவள் கத்தியிருந்தால் ராதாவுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். பெண்ணோ ஹேர் டிரையரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

ராதா ஸ்டுடியோ வாசலில் குட்டி போட்ட பூனையாக அலைந்தாள். கீழே ஜிம்மின் பாட்டு தரையை அதிரவைத்தது. கண்ணாடி வழியே பார்த்தாள். மஹதி ஒற்றைக் காலில் எழுந்தாள். வலது பாதம் மடங்கி இறங்கியது. திரும்ப எழுந்தாள், திரும்ப இறங்கியது. என் கையாலேயே பிடித்துக் கீழே இழுத்துவிட்டேனே என்று ராதா நினைத்தாள்.

வேறொரு பெண்ணை எடுத்துக்கொண்டார்கள். அதே அம்மாள் அடுத்த மாதம் துபாயிலும் தேர்வு வைக்கிறார், மஹதியை அங்கே இன்னொரு முறை பார்க்கச் சம்மதித்திருக்கிறார் என்று லுத்மிலா சொன்னாள். மஹதி வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுக் காரில் ஏறிக்கொண்டாள்.

பாதி வழியில் ராதாவால் பொறுக்க முடியவில்லை. "நான்தாண்டி வெளில வெச்சேன். செருப்புதானேன்னு நெனச்சுட்டேன்."

"தெரியும்மா," என்றாள் மஹதி ஜன்னல் பக்கம் பார்த்தபடி. "உங்க சலங்கைய அங்க வெப்பீங்களா?"

சிக்னல் பச்சையானது தெரியாமல் ராதா நின்று, பின்னால் வந்தவனிடம் ஹாரன் வாங்கிக்கொண்டாள்.

வீட்டு வாசலில் மஹதி குனிந்து, ரிப்பனைச் சுற்றி, பாலே ஷூவைத் தானே ராக்கில் வைத்தாள். அப்பாவின் ஆபீஸ் ஷூவுக்கும் பாத்ரூம் செருப்புக்கும் நடுவில் இடம் பார்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ராதா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எடுத்தாள். உள்ளே வந்து பூஜை அலமாரியைத் திறந்து, சலங்கையைக் கொஞ்சம் நகர்த்தி, பக்கத்தில் வைத்தாள்.

மஹதி அறை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அங்க வேணாம்மா. ஒரே வேர்வை நாத்தம்."

"சலங்கை மட்டும் என்ன, சந்தனமா மணக்குது?" என்றாள் ராதா. "துபாய்க்கு எந்த ஷூ வேணும்னு லுத்மிலாவுக்கு இப்பவே போன் போடு."