அட்டைக்காட்டுப் போத்தல்

தேயிலைக் கொழுந்தை நிறுத்துவிட்டு வந்த பெண்கள், தண்ணீர்க் குழாய் இருக்கும் பீலியடியில் குடத்தோடு நின்றார்கள். தண்ணீர் நூல் போல விழுந்தது. வரிசையின் கடைசியில் நின்ற தனலெட்சுமிக்கு அதுவும் கிடைக்காது. நேற்றும் கிடைக்கவில்லை. லயத்து வீட்டு வாசலில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த அவள் கணவர் யோகேஸ்வரன் தலை நிமிரவே இல்லை.

நோர்வூட் பக்கத்து அந்தத் தோட்டத்துக்கு, நீர்த்தேக்கத்தின் அட்டைக்காட்டு மூலையிலிருந்துதான் மோட்டார் வைத்துத் தண்ணீர் ஏற்றுகிறார்கள். இப்போது அந்த மூலையைச் சல்வீனியா மூடிவிட்டது. எங்கிருந்தோ வந்து நீரில் மிதந்து பெருகும் அந்தக் களை, குழாய் வாயையும் அடைத்துக்கொண்டது.

இது வராமல் பார்க்கத்தான் யோகேஸ்வரனுக்குச் சம்பளம். மாதம் ஒருமுறை ஆறு இடங்களில் போத்தலில் தண்ணீர் பிடித்து அனுப்ப வேண்டும். களை கண்ணில் படும் முன்பே, தண்ணீரில் கலந்திருக்கும் அதன் மரபணுவை ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஐந்து இடம் ரோட்டோரம். ஆறாவதான அட்டைக்காட்டுக்கு இறங்க ஒரு மணி நேரம், ஏற இரண்டு மணி நேரம், கால் முழுக்க அட்டை. மழை தொடங்கியதும் மனிதருக்கு அலுத்துப்போனது. எல்லாம் ஒரே தண்ணீர்தானே என்று பாலத்தடியிலேயே இரண்டு போத்தல் பிடித்து, ஒன்றில் ‘அட்டைக்காடு’ என்று எழுதி ஒட்டினார். ஒரு மாதமல்ல, நான்கு மாதம். அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. களைத்துப்போனவர், அவ்வளவுதான். ஆனால் களை அதற்காகக் காத்திருக்கவில்லை.

பெண்கள் தண்ணீருக்கு நின்ற அந்த நேரத்தில்தான் ஆய்வுக்கூடத்து அனோஜா கோப்போடு படியேறி வந்தாள்.

“யோகண்ணே, நாலு மாசமா அட்டைக்காடு சுத்தம்னுதான் ரிப்போட் வந்திருக்கு. மொதல்லயே தெரிஞ்சிருந்தா நாலு பேர் கையால அள்ளிப் போட்டிருப்போம். இப்ப மிசின் எறக்கணும், ரெண்டு மாசம் ஆகும்.” அவள் குரலும் ஓய்ந்திருந்தது. “இந்தச் சோதனையே சரிப்படாதுன்னு மேல சொல்றாங்க. எல்லாத் தோட்டத்துலயும் நிப்பாட்டப் போறாங்க. நான் எங்க பிழை விட்டேன்னு தெரியல.”

வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை நிலைக்கும். பழி அந்தப் பிள்ளையோடு போய்விடும். யோகேஸ்வரன் வரிசையில் நின்ற மனைவியைப் பார்த்தார். வெட்கமாக இருந்தது.

“உங்க மேல பிழை இல்ல மிஸ். நான் அட்டைக்காட்டுக்குப் போகவே இல்ல. பாலத்துத் தண்ணியத்தான் பேர் மாத்தி அனுப்பினேன். அப்படியே எழுதிக் குடுங்க. என் வேலை போனாலும் பரவாயில்ல, சோதனைய நிப்பாட்டிறாதீங்க.”

தனலெட்சுமி திட்டவில்லை. திட்டவும் தெம்பில்லை. குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கணவரிடம் சொன்னாள்:

“யாரும் பாக்காத எடத்துல ஒரு ஆளு ஒழுங்கா வேல செய்வான்னு நம்பித்தான் இந்தத் தோட்டமே தண்ணி குடிக்குது. அதுல பொய் கலந்தா எந்த மிசினாலயும் வடிகட்ட முடியாதுங்க.”