கழுத்தில் எடுத்த சொடக்கு

என் மனைவியின் கழுத்தைத் திருப்பிச் சொடக்கெடுத்தவன் நான்தான். பாதி வீடியோ பார்த்த தைரியம். எச்சரிக்கையெல்லாம் மீதிப் பாதியில் இருந்ததாம். சத்தம் என்னவோ பிரமாதமாக வந்தது. தலைதான் பழைய இடத்துக்கு வரவில்லை.

மறுநாள் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், நரம்புக்கு ஒன்றுமில்லை, தசைப்பிடிப்புதான் என்று சொல்லி, கையாலேயே வைத்தியம் பார்க்கும் ஒரு ஆஸ்டியோபதி அம்மாவிடம் அனுப்பினார். வழியெல்லாம் என் மனைவி கார் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். கோபமா, கழுத்தா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"வலிக்குதா?"

"தெரியல."

"என் மேல கோவமா?"

"தெரியல."

வயிற்றிலிருந்த குழந்தை தங்காமல் போனதிலிருந்து எங்கள் வீட்டில் எந்தக் கேள்விக்கும் இதுதான் பதில். உப்பு போதுமா என்று அவள் கேட்டால் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மா அவளை மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதுக்கு முன்னாடி யாருகிட்ட காட்டினீங்க?"

"ஒரு போலி வைத்தியன்கிட்ட மேடம். உங்க எதிர்லதான் நிக்கிறான்."

அவர் சிரிக்கவில்லை. கழுத்தை விட்டுவிட்டு விலா எலும்புக்குக் கீழே கை வைத்தார்.

"மேடம், பிடிச்சிருக்கறது கழுத்து..."

"ஒரு இடம் அசையாம நின்னுட்டா, அதோட வேலையையும் பக்கத்துல இருக்கறது இழுத்துப் போட்டுக்கும் சார். வலி கழுத்துல. இறுகிக் கிடக்கறது இங்க. இவங்க முழுசா மூச்சே விடறதில்ல. வாங்க, கை வைங்க. அழுத்தாதீங்க. எதையும் சரிபண்ணாதீங்க. சும்மா வைங்க, போதும்."

என் கையை அங்கே இருத்திவிட்டு, ஒத்தடப் பை சூடுபண்ணப் பக்கத்து அறைக்குப் போனார்.

வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. மரக்கட்டை மேல் மரக்கட்டை. விட்டத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். நானும் அதையே பார்த்தேன்.

"நான் குழாயைத் திருப்பினாலே அது கையோட வந்துடும். உனக்குத் தெரியாததா? கழுத்தைப் பிடிச்சப்போ வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

'தெரியல' வரும் என்று காத்திருந்தேன். என் கைக்குக் கீழே மூச்சு ஒருமுறை ஏறி, அங்கேயே நின்றது.

"நீங்க என்னைத் தொட்டு எத்தனை மாசமாச்சு? வேணாம்னு சொன்னா கையை எடுத்துடுவீங்க. அதான் சொல்லல."